நாற்பத்தொரு முறை பொருத்தமில்லை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், பல் வைத்தியர் ஒருவருடைய சிகிச்சை நிலையத்தின் மேல்மாடியில், ‘இல்லற இணைப்பகம்’ என்னும் பெயர்ப்பலகை தொங்குகின்றது. கீழே பல் பிடுங்கப்படும். மேலே சம்பந்தம் பேசப்படும். இரண்டுக்கும் படிக்கட்டு ஒன்றேயாகையால், கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஏறிவருவோரை அலுவலக உதவியாளர் மேனகா பாதிப் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். கன்னத்தைப் பொத்தாமலே முகம் வாடி வருவோர் தங்கள் வாடிக்கையாளர் என்பது அவளுடைய கணிப்பு. அது பெரும்பாலும் பிழைத்ததில்லை.

இணைப்பகத்தின் உரிமையாளர் சிவபாதசுந்தரம் கப்பல் முகவர் நிறுவனமொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கடமையாற்றி, பிரதம எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவர். அறுபத்தோராவது வயதில், மருதானை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலொன்றிலிருந்து பேர்ள் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கும் பருத்த நூலொன்றை வாங்கினார். அதற்குப் பழுப்புத் தாளில் உறை போட்டு, முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் படித்து முடித்தார். அம்மொழியில் இப்பொழுது எவரும் புதிதாக எழுதுவதில்லை என்று இளைஞர் சிலர் அவருக்குச் சொன்னதுண்டு. கற்று முடிக்க ஓர் ஆண்டும் நான்கு மாதமும் எடுத்த ஒன்றை அப்படி இலேசாகப் பழையது என்று ஒதுக்கிவிட அவர் உடன்படவில்லை.

அக்கல்வியின் பயனாகப் பிறந்ததே ‘மாங்கல்யம்’ என்னும் நிரல். நாள்தோறும் காலையில் மேனகா தன் கணக்கினூடாகக் கணினியில் நுழைந்து ஒரு விசையை அழுத்துவாள். உடனே மாங்கல்யம், பதிவிலுள்ள பெண்களின் சாதகக் குறிப்புகளையும் ஆண்களின் குறிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, பொருத்தம் கணிக்கின்ற மற்றொரு நிரலிடம் ஒப்படைக்கும். அந்தக் கணிப்பு நிரல் கொட்டாஞ்சேனைச் சோதிடர் ஒருவரிடம் விலைக்கு வாங்கப்பட்டது. அது தன் வேலையை முடித்துக்கொள்ளும்போது ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். சைபர் வந்தால் பொருத்தம் உண்டு. வேறு எது வந்தாலும் பொருத்தமில்லை. சிவபாதசுந்தரம் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். அப்படித்தான் எழுதியும் இருந்தார்.

மாங்கல்யத்தின் சிறப்புகளை அவர் வாடிக்கையாளரிடம் விரித்துரைப்பதுண்டு. அது இராகு காலத்தில் இயங்காது. அந்த ஒன்றரை மணி நேரமும் ‘சற்றுப் பொறுத்து வாருங்கள்’ என்று தமிழில் பணிவாக மறுத்துவிடும். அதன் திரையில் புரியாத ஆங்கில வரி ஒன்றேனும் தோன்றாது. தொடக்க காலத்தில் இடையிடையே அத்தகைய வரிகள் தோன்றி, மேசைக்கு முன்னால் அமர்ந்திருந்த தாய்மாரைக் கலவரப்படுத்தின. இணைப்பகத்தின் மதிப்புக்கு அது இழுக்கென்று கருதிய அவர், கணினி முறையிடும் செய்திகள் யாவும் எவர் கண்ணிலும் படாது ஒரு பாழ்ங்கிணற்றுக்குள் விழுமாறு ஒற்றை வரியில் வழி செய்துவிட்டார். அந்த வரியை எழுதிய நாளன்று அவர் மேனகாவுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமையொன்றில், காலை ஒன்பது மணி கழிந்து சில நிமிடங்களில், கன்னத்தைப் பொத்தாத ஓர் இளம்பெண் படியேறி வந்தாள். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

“அங்கிள், நான் சுபோதினி. கனகேஸ்வரியின்ரை மகள். உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனா உங்கட கொம்பியூட்டருக்கு நல்லாத் தெரியும்.”

சிவபாதசுந்தரம் கதிரையைக் காட்டினார். அந்தப் பெயரை அவர் மறந்திருக்க வழியில்லை. எட்டு மாதங்களுக்கு முன்னர் பதிவாகியவள், முப்பத்தொரு வயது, ஹெவ்லொக் டவுனிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. இதுவரை நாற்பத்தொரு மணமகன்மாருடன் ஒப்பிடப்பட்டு, நாற்பத்தொரு முறையும் பொருத்தமில்லை என்றே விடை பெற்றவள். இணைப்பகத்தின் வரலாற்றில் அதற்கு இணை கிடையாது.

“இருங்கோ பிள்ளை. சாதகம் எண்டால் சில பேருக்கு அப்பிடித்தான். சனி பார்வை கொஞ்சம்…”

“சனியை விடுங்கோ அங்கிள். அம்மா எட்டு மாசமாச் சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிக்கிறா. எங்களைக் கண்ட உடனை ஐயர் கேக்காமலே சட்டியைத் தூக்குறார். சனிக்கே அலுத்திருக்கும்.”

மேனகா வாயைப் பொத்திக்கொண்டு தேநீர் வைக்கச் சென்றாள்.

சுபோதினி கதிரையை முன்னே இழுத்தாள். “நான் சொஃப்ட்வெயர் ரெஸ்ற் பண்ணுறனான். எழுதுற ஆக்கள் வேறை, நாங்கள் அதிலை பக் எண்ட பிழையளைப் பிடிக்கிற ஆக்கள். எதைக் கேட்டாலும் ஒரே மறுமொழி சொல்லுற சாமானை எங்கட ஒஃபிஸிலை ஒருத்தரும் நம்ப மாட்டினம். நாப்பத்தொரு தரமும் ‘இல்லை’ எண்டால் அது சாத்திரமில்லை அங்கிள். அது பக்.”

மாங்கல்யத்தைப் பற்றி அத்தகைய சொல்லை எவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். சினம் வரும்போது அவர் செய்வது அதுவே. நிறுவனத்தில் அவருக்குக் கீழே வேலை செய்தோர் அதைக் கண்டதும் மேசையைவிட்டு எழுந்து போவது வழக்கம். இவள் எழவில்லை.

“பிள்ளை, நான் விதிப்படி படிச்சு எழுதினது. இருநூத்திப் பதினேழு குடும்பத்துக்கு இதாலை காரியம் நடந்திருக்கு.”

“அதுதான் எனக்கும் சந்தேகம். இருநூத்திப் பதினேழு பேருக்கு வேலை செய்யிறது எனக்கு மட்டும் ஏன் செய்யேல்லை?”

தேநீருடன் திரும்பிய மேனகா ஹற்றனிலிருந்து கொழும்புக்கு வந்து பதினைந்து ஆண்டுகளாயினும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளாதவள். “நான் அப்பவே சொன்னேன் சார். அந்த லண்டன் டாக்டர் ஜாதகம் போற வர்ற எல்லாருக்கும் பொருந்துது, இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் பொருந்தலன்னு கேட்டேன். நீங்கதான் கம்பியூட்டரு பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டீங்க.”

“மேனகா, சீனி போட்டனீரோ?”

“போட்டேன் சார். உங்களுக்குத்தான் போடல.”

சுபோதினி தேநீரைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் வந்த காரியத்தைச் சொன்னாள். நாற்பத்தொருவருள் சயந்தன் என்று ஒருவன் இருக்கின்றான். அவளுடைய நிறுவனக் கட்டடத்திலேயே ஐந்தாம் மாடியில் வேலை செய்பவன். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை வீட்டில் சொல்லாது, இரு வீட்டாரும் நம்புகின்ற இணைப்பகத்தினூடாகவே அது தானாக அமைந்ததாகக் காட்டலாம் என்று இருவரும் தீர்மானித்துப் பதிந்தார்கள். கணினி பொருத்தமில்லை என்றது. கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் சயந்தனின் தகப்பன் தில்லைநாதன், மறு பேச்சின்றி வவுனியாவில் வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வவுனியாக்காரர் பெண்ணை அழைத்துக்கொண்டு கொழும்புக்கு வருவதாக ஏற்பாடு. ரெயிலில் இருக்கை பதிய வேண்டியிருப்பதால், வரலாமா வேண்டாமா என்று இன்று பதினொரு மணிக்குள் சொல்வதாகத் தில்லைநாதன் வாக்களித்திருக்கின்றார்.

“வந்து பாத்திட்டினம் எண்டால் பிறகு அவர் சொல்லு மாற மாட்டார்” என்றாள். “சயந்தனும் தகப்பனை எதிர்த்துக் கதைக்கிற ஆளில்லை. ஐஞ்சாம் மாடியிலை இருந்து மெசேஜ் மட்டும் போடுறார்.”

“அதுக்கு நான் பொய் சொல்லேலாது பிள்ளை.”

“பொய் சொல்லச் சொல்லி வரேல்லை. உண்மையாவே பொருத்தமில்லை எண்டால் நான் அம்மாவோடை சண்டை பிடிப்பன். அது எனக்குப் பழக்கம். ஆனா எந்திரப் பிழையோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது, சொல்லுங்கோ.”

சிவபாதசுந்தரம் பழுப்பு உறை போட்ட நூலைப் பார்த்தார். எந்திரப் பிழையோடு சண்டை பிடிக்கும் முறை அதில் இருந்ததாக நினைவில்லை.

சுபோதினி ஒரு சோதனை செய்யச் சொன்னாள். தன்னுடைய பிறந்த திகதி, நேரம், இடம் ஆகியவற்றை ஓரெழுத்தும் மாற்றாது, உஷாந்தி என்னும் கற்பனைப் பெயரில் புதிதாகப் பதியும்படி கேட்டாள். பின்னர், பதிவில் இன்னும் எஞ்சியிருக்கும் மணமகன்மாருள் ஐந்து பேரைத் தேர்ந்து, முதலில் சுபோதினியோடும் பிறகு உஷாந்தியோடும் ஒப்பிட வேண்டும். சயந்தனை அந்த ஐவரில் சேர்க்கலாமா என்று மேனகா கேட்டபோது, அவள் அவசரமாகத் தலையசைத்து மறுத்தாள்.

“இப்ப வேண்டாம் அக்கா. பயமாக் கிடக்கு.”

மேனகா விசையை அழுத்தினாள். சுபோதினிக்கு ஐந்து பேரும் பொருத்தமில்லை. உஷாந்திக்கு இருவர் பொருத்தம். அவர்களுள் ஒருவருக்கு எழுபத்தெட்டு வீதம்.

மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நட்சத்திரத்தில், ஒரே நாழிகையில், ஒரே வைத்தியசாலையில் பிறந்த இருவருள், உலகில் இல்லாதவளுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் கிடைத்திருந்தார்கள்.

“அந்த உஷாந்தி குடுத்து வச்சவ” என்றாள் மேனகா.

சிவபாதசுந்தரம் தம்முடைய சொந்தக் கணக்கினூடாக நுழைந்து, சுபோதினியின் கோப்பைத் திறந்தார். அது எவ்விதத் தடையுமின்றித் திறந்தது. கிரகங்கள் அவரவர் வீடுகளில் ஒழுங்காக அமர்ந்திருந்தன. “பாருங்கோ, பைலிலை ஒரு பிழையும் இல்லை” என்றார், சற்றே நிம்மதியுடன்.

“நீங்கள் திறந்தால் திறக்குது. காலமை காலமை ஆர் திறக்கிறது?”

“மேனகான்ரை கணக்கு.”

“அப்ப அவவின்ரை கணக்கிலை திறவுங்கோ. மற்றது, பிழைச் செய்தி ஒண்டையும் காணேல்லையே, எங்கை போகுது?”

பாழ்ங்கிணற்றைப் பற்றி அவர் சொல்ல நேர்ந்தது. சுபோதினி மிக மரியாதையாக, “அங்கிள், நெருப்பு மணி சத்தம் போடுது எண்டு வயரை வெட்டின மாதிரி” என்றாள்.

அந்த ஒற்றை வரியை அவர் தம் கையாலேயே நீக்கினார். மேனகாவின் கணக்கினூடாக மீண்டும் இயக்கியதும், எட்டு மாதமாக அடக்கி வைக்கப்பட்டிருந்த முறையீடு திரையில் தோன்றியது: அனுமதி மறுக்கப்பட்டது. அருகே ஓர் எண்: பதின்மூன்று.

இவ்விடத்தில் ஒன்றை விளக்குதல் தகும். கணிப்பு நிரல் தன் வேலையைச் செய்து பொருத்தமில்லை என்று கண்டால், ஒன்று என்னும் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். வேலையையே தொடங்க முடியாமற் போனால், ஏன் முடியவில்லை என்று இயங்குதளம் சொன்ன காரணத்தின் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விழுந்துவிடும். கோப்பே இல்லையெனில் இரண்டு. கோப்பு இருந்தும் பார்க்க உரிமை இல்லையெனில் பதின்மூன்று. மாங்கல்யமோ ஒன்றையும் இரண்டையும் பதின்மூன்றையும் ஒரே கூடையிற் போட்டு, யாவற்றுக்கும் பொருத்தமில்லை என்று தாள் அடித்தது. சுபோதினியின் குறிப்பைக் கணினி ஒருநாளும் பார்க்கவேயில்லை. பார்க்க விடவில்லை என்று அது நாற்பத்தொரு முறை சொல்லியிருந்தது.

“புத்தகத்திலை அதிகாரம் பதினொண்டு” என்றார் சிவபாதசுந்தரம் மெல்லிய குரலில். “திரும்பி வாற எண்ணைப் பிரிச்சுப் பாக்க வேணும் எண்டு கிடக்கு. சிவப்புக் கோடும் போட்டிருக்கிறன்.”

“கோடு மட்டும் போட்டால் காணாது அங்கிள்.”

“ஆனா இந்த ஒரு பைலை மட்டும் ஆர் பூட்டினது?” என்று கேட்டுவிட்டு, அவரே நிறுத்திக்கொண்டார். பூட்டியவர் அவரேதான். ஏன் பூட்டினார் என்பதும் அக்கணமே நினைவுக்கு வந்தது. அந்தக் காரணம் குடையை மடக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தது.

கனகேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து வரும் வழியில் இணைப்பகத்தை எட்டிப் பார்க்காமல் வீடு செல்வதில்லை. நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. மகளை அங்கே கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நீ ஒஃபிஸ் எண்டெல்லோ போனனீ?”

“இதுவும் ஒஃபிஸ் வேலைதான் அம்மா. பக் பிடிக்கிறம்.”

சிவபாதசுந்தரம் எழுந்து நின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது நின்றுகொண்டு பேசுவது அவருடைய உத்தியோக ஒழுக்கம். நடந்தது யாவற்றையும், தில்லைநாதனின் பதினொரு மணிக் கெடு உட்பட, ஒழுங்குமுறையாக எடுத்துரைத்தார். கனகேஸ்வரி கேட்டுக்கொண்டே கதிரையில் அமர்ந்தார். தட்டிலிருந்த வாழைப்பழம் உருண்டு விழுந்தது.

“அப்ப எட்டு மாசமா நான் எரிச்ச எண்ணெய்?”

“அது சனிக்குப் போய்ச் சேந்திருக்கும் அம்மா” என்றாள் சுபோதினி. “வீண் போகாது.”

“நீ வாயை மூடு. அண்ணை, ஏன் அதைப் பூட்டினனீங்கள்?”

“தங்கச்சி, நீங்கள்தானே பதினொரு தரம் போன் எடுத்தனீங்கள். உங்கட தொடர்மாடியிலை எங்களிட்டைப் பதிஞ்ச குடும்பம் ஆறு இருக்கு, பிள்ளையின்ரை குறிப்பு ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாது எண்டு. எல்லா அம்மாமாரும் அப்பிடிச் சொல்லுறவை. ஆனா பதினொரு தரம் ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் உங்கட பைலுக்கு மட்டும் விசேஷமா ஒரு பூட்டுப் போட்டனான். என்னைத் தவிர ஆரும் திறக்கேலாது.”

“சனத்துக்குத் தெரியக்கூடாது எண்டுதான் சொன்னனான். கொம்பியூட்டருக்குமோ சொன்னனான்?”

“நல்லாத்தான் பூட்டியிருக்கீங்க சார்” என்றாள் மேனகா. “மாப்பிள்ளைகூட உள்ள வர முடியாத பூட்டு.”

கனகேஸ்வரி சிரிப்பதா சினப்பதா என்று தெரியாது மகளைப் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள். அம்மாவின் கண்டிப்பினால் நின்றுபோன கலியாணத்தை அம்மாவே இனிப் பழிக்க முடியாது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். கனகேஸ்வரி குனிந்து வாழைப்பழத்தை எடுத்தார்.

“சரி. இப்ப எத்தினை மணி?”

பத்து மணி பதினாறு நிமிடம்.

“பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ளை அந்தக் கொட்டாஞ்சேனைப் பெடியனுக்கு ஒருக்காப் போடுங்கோ. மற்ற நாப்பது பேருக்கும் போடுங்கோ. லண்டன் டொக்டரையும் விட்டிடாதையுங்கோ.”

பூட்டைத் திறக்க ஒரு கட்டளை போதும். அதை அவர் அரை நிமிடத்தில் செய்தார். ஆனால் மாங்கல்யத்தைத் திருத்தாமல் இயக்குவதற்கு அவருடைய மனம் இடம் தரவில்லை. தெரிந்தே பிழையான கருவியால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நிறுத்தலாகாது என்று கூறி, விசைப்பலகையை அருகே இழுத்தார். சைபருக்கு ஒரு கிளை, ஒன்றுக்கு ஒரு கிளை, இரண்டுக்கு ஒன்று, பதின்மூன்றுக்கு ஒன்று. இவை எவற்றிலும் அடங்காத எண் வந்தால் எதையும் தீர்மானிக்காது மனிதரை அழைக்குமாறு மற்றொன்று. ஒவ்வொரு கிளைக்கும் மேலே, அது எதற்காக என்று தமிழில் குறிப்புரையும் எழுதத் தொடங்கினார்.

பத்து மணி இருபத்திரண்டு.

“அங்கிள், கொமென்ற் பிறகும் எழுதலாம்.”

“பிறகு எண்டால் எழுதுப்படாது பிள்ளை. முப்பத்தாறு வருசம் பாத்தனான்.”

“என்ன எழுதுறார்?” என்று கனகேஸ்வரி கேட்டார்.

சுபோதினி எட்டிப் பார்த்தாள். “‘இவ்விடத்து இதற்கு முன் செய்த தவறு என்னுடையதாகும்’ எண்டு எழுதுறார் அம்மா.”

“அதைச் சுருக்கி எழுதேலாதோ?”

அரைப்புள்ளி ஒன்று விடுபட்டதால் முதல் முயற்சியை மொழி ஏற்கவில்லை. இரண்டாவது முயற்சியில், பத்து மணி இருபத்தேழு நிமிடத்துக்கு, மேனகா விசையை அழுத்தினாள். திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்ணும், எண்ணுக்கு எதிரே அதன் பொருளும் வரிசையாக இறங்கத் தொடங்கின. முதலில் ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு.

“இரண்டு எண்டால்?”

“அப்பிடி ஒரு பைல் இல்லை. கலியாணம் முடிஞ்ச ஆக்களின்ரை பைலை மேனகா எடுத்துவிடுவா.”

லண்டன் வைத்தியருக்கு எதிரே இரண்டு விழுந்தது. கனகேஸ்வரி பெருமூச்சு விட்டார். “தை மாசமே முடிச்சிட்டாங்கம்மா” என்று மேனகா ஆறுதல் கூறினாள். “கனடாப் பொண்ணு.”

பின்னர் சயந்தன் என்னும் பெயர் வந்தது. அதற்கு எதிரே எண் தோன்றுவதற்கு முன்னர் ஒரு கணம் திரை அசையாது நின்றது. சுபோதினி மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தாள். அதுவரை அவளைவிட்டு நீங்காதிருந்த குறும்பு முகத்தில் இல்லை.

சைபர்.

“சைபரோ?” கனகேஸ்வரியின் குரல் உடைந்தது. “ஒரு மாக்ஸும் இல்லையோ அண்ணை?”

“அம்மா, கொம்பியூட்டரிலை சைபர்தான் நல்லது. ஒரு பிழையும் இல்லை எண்டு கருத்து.” சொல்லிக்கொண்டே சுபோதினி கண்ணைத் துடைத்தாள். சிவபாதசுந்தரம் எண்ணுக்கு எதிரே இருந்த வரியைச் சுட்டிக்காட்டினார். பொருத்தம் உண்டு, எழுபத்தொரு வீதம்.

கனகேஸ்வரி அந்த வீதத்தை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தார். தம்முடைய பொருத்தம் அறுபத்துநான்கு வீதம் என்றும், அதை வைத்துக்கொண்டே முப்பத்துமூன்று வருடம் ஓட்டிவிட்டதாகவும் கூறினார். பிறகு சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து மணி முப்பத்தொன்று. இராகு காலம் பிறந்துவிட்டது. மாங்கல்யமும் எஞ்சியோரை விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து வாருங்கள் என்று சொல்லி நின்றுகொண்டது.

“தில்லைநாதன் ஐயாவுக்குப் போன் எடுங்கோ அங்கிள்” என்றாள் சுபோதினி. “பதினொண்டுக்கு அவர் வவுனியாவுக்குச் சொல்லிடுவார்.”

“பொறு” என்றார் கனகேஸ்வரி. “ராகுகாலத்திலை கலியாணப் பொருத்தம் சொல்லுறதோ? பன்னிரண்டுக்குப் பிறகு சொல்லுவம்.”

“பன்னிரண்டுக்கு அவை ரெயிலிலை சீற் போட்டிடுவினம் அம்மா.”

“அதுக்கு? முதல் சொல்லே ராகுகாலத்திலை போனால் பிறகு என்ன நடந்தாலும் அதைத்தான் நினைப்பன். எனக்கு நித்திரை வராது.”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுபோதினி விசைப்பலகைக்கு முன்னால் எவ்வளவு கெட்டிக்காரியோ, அம்மாவுக்கு முன்னால் அவ்வளவுக்கு வழியற்றவளாகத் தோன்றினாள். அம்மாவின் மனம் ஒப்பாமல் இதை நடத்துவதாயின் அவள் இணைப்பகத்துக்கே வந்திருக்கத் தேவையில்லை. மணிக்கூடு பத்து நாற்பதைத் தாண்டியது. சிவபாதசுந்தரம் தொலைபேசியைக் கையில் எடுத்து, வைத்து, மீண்டும் எடுத்தார். இந்நிலைக்கு எந்த அதிகாரத்திலும் வழி சொல்லப்படவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் கனகேஸ்வரியே.

“அண்ணை” என்றார், நன்கு யோசித்த பின்னர். “ராகுகாலத்திலை நல்லதுதான் சொல்லக்கூடாது. கெட்டது சொல்லலாம். நீங்கள் விட்ட பிழை கெட்டதுதானே. இப்ப எடுத்துப் பிழையை மட்டும் சொல்லுங்கோ. மற்றதைப் பன்னிரண்டுக்குப் பிறகு சொல்லுவம்.”

மேனகா தலையை ஆட்டினாள். “சரிதான் சார். உங்க மானம் போறதுக்கு நேரம் காலம் பாக்கத் தேவல்ல.”

சிவபாதசுந்தரம் இலக்கங்களை அழுத்தினார். மறுமுனையில் இரும்புக் கம்பிகள் இறக்கப்படும் ஓசையும், சிங்களத்தில் எவரையோ அதட்டும் குரலும், அதன் பின் தில்லைநாதனின் குரலும் கேட்டன. எல்லோரும் கேட்கும்படி அவர் ஒலியைக் கூட்டி வைத்தார்.

“தில்லைநாதன் ஐயா, இல்லற இணைப்பகம். சிவபாதசுந்தரம் கதைக்கிறன். உங்கட மகனுக்கும் கனகேஸ்வரியின்ரை மகளுக்கும் பொருத்தமில்லை எண்டு நான் பேப்பர் தந்தனான். அது பிழை. பொருத்தம் பாக்கவே இல்லை. பைலைத் திறக்கேலாமல் வந்த எரர் நம்பரை நான் மறுமொழி எண்டு எடுத்திட்டன். பிழை முழுக்க என்ரை.”

மறுமுனையில் கம்பிகளின் ஓசை நின்றது.

“பாக்கவே இல்லையோ?”

“இல்லை ஐயா.”

“எத்தினை பேருக்கு இப்பிடி?”

“இந்த ஒரு பிள்ளைக்குத்தான். தேடிப் பாத்திட்டு எழுத்திலை தாறன்.”

“நல்ல இணைப்பகம்” என்றார் தில்லைநாதன். அதை அவர் எந்தத் தொனியில் சொன்னார் என்பதைச் சிவபாதசுந்தரம் பின்னர் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. “சரி. இப்ப பாத்தனீங்களோ?”

“பாத்தனான்.”

“என்ன வந்தது?”

கனகேஸ்வரி கையை உயர்த்தித் தடுத்தார். சிவபாதசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

“அதைப் பன்னிரண்டு மணிக்குப் பிறகு சொல்லுறன் ஐயா.”

“ஏன்? இப்ப சொன்னால் என்ன?”

“இப்ப ராகுகாலம்.”

வெள்ளிக்கிழமைகளில் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் புதிய சரக்கு எதையும் கடைக்குள் ஏற்றாத வியாபாரி தில்லைநாதன். ஏற்கெனவே வந்ததை இறக்குவதோடு சரி. சுபோதினி தொலைபேசியை நோக்கி வாய் திறந்தாள். கனகேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“சிவபாதசுந்தரம்” என்றார் தில்லைநாதன் நிதானமாக, “பொருத்தமில்லை எண்டு வந்திருந்தால், அதை இப்ப சொல்லுறதுக்கு ராகுகாலம் தடையில்லை. என்ன?”

சிவபாதசுந்தரம் கனகேஸ்வரியைப் பார்த்தார். கனகேஸ்வரி கூரையைப் பார்த்தார்.

“தடையில்லைத்தான்.”

“ஆனா நீங்கள் பன்னிரண்டு வரைக்கும் சொல்ல மாட்டியள்.”

“சொல்ல மாட்டன்.”

“அப்ப விளங்கிட்டுது. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, நானும் ஒண்டும் கேக்கேல்லை.” கம்பிகள் மீண்டும் இறங்கத் தொடங்கின; அவர் அவற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தினார். “வவுனியாக்காரரை வரவேண்டாம் எண்டு சொல்லப் போறன். அது கெட்ட செய்திதானே, இப்பவே சொல்லலாம். பன்னிரண்டு ஐஞ்சுக்கு நீங்கள் எடுங்கோ. பெடியனுக்கு ஒண்டும் சொல்லிடாதையுங்கோ, அவன் இண்டைக்கு வேலை செய்ய மாட்டான்.”

இணைப்புத் துண்டிக்கப்பட்டது. சுபோதினியின் கைப்பேசி ஏற்கெனவே அவளுடைய கையில் இருந்தது. கனகேஸ்வரி அதை வாங்கி, அர்ச்சனைத் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தார்.

“பன்னிரண்டு வரைக்கும் இரு” என்றார். “மேனகா, எனக்கும் ஒரு பிளேன்ரீ போடும்.”